பாகோம் விட மறுத்த பள்ளம்

லியோ டால்ஸ்டாய் 1886இல் எழுதிய 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' கதையின் முடிவு பலருக்கும் தெரியும். பேராசை என்று பேச்செடுத்தாலே மேடையில் வந்துவிடும் கதை அது. ஆனால் அதன் உயிர் முடிவில் இல்லை, நடுவில் பாகோம் நடக்கும் நடையில் இருக்கிறது.

பாகோம் பாடுபடும் குடியானவன். நிலம் வாங்க அவன் போன பாஷ்கிர் மக்களின் புல்வெளியை டால்ஸ்டாய் அவன் கண்ணாலேயே நமக்குக் காட்டுகிறார். சமதரைக்கு உவமை உள்ளங்கை. மண்ணின் கறுப்புக்கு உவமை கருங்கசகசா. இரண்டுமே கைக்குள் அடங்குபவை! அடி எடுத்து வைக்கும் முன்பே அவன் பார்வை நிலத்தை அள்ளிவிட்டது. பேராசைக்காரன் என்று அவனைத் திட்ட ஆசிரியருக்குத் தேவையே இல்லை.

விலையும் அப்படித்தான். ஒரு நாள் நிலம் 1,000 ரூபிள். விடியலில் புறப்பட்டு எவ்வளவு சுற்றி வருகிறானோ அவ்வளவும் அவனுக்கு. பொழுது சாய்வதற்குள் புறப்பட்ட இடத்துக்கு வராவிட்டால் பணமும் போச்சு. அந்தக் கணமே சூரியன் அளவுகோலாகிவிடுகிறது. அதன்பின் வெயிலைப் பற்றி வரும் ஒவ்வொரு சொல்லும் நம் வயிற்றைக் கலக்குகிறது.

திரும்ப வேண்டிய நேரம். எதிரே ஈரமான ஒரு பள்ளம். ஆளிவிதைச் செடி இங்கே நன்றாக வருமே, விடுவானேன் என்று நினைத்து அதையும் வளைத்துக்கொள்கிறான். என் கணிப்பில் கதையிலேயே மிக அச்சமூட்டும் இடம் இதுதான். நல்ல விவசாயியின் யோசனை அது. நாமும் அப்படித்தான் யோசித்திருப்போம். டால்ஸ்டாயே 1871இல் சமாரா பகுதியில் பெரும் நிலம் வாங்கியவர். அந்த ஆசையின் குரல் அவருக்கு அந்நியமானதல்ல.

பிறகு வாக்கியங்களுக்கும் மூச்சு வாங்குகிறது. மேலங்கி போகிறது, பூட்ஸ் போகிறது. ஓடுகிறவனின் மார்பைக் கொல்லன் துருத்தியாகவும் இதயத்தைச் சம்மட்டியாகவும் காட்டுகிறார். நிலத்தை ஆளக் கிளம்பியவன் உடம்பே பட்டறைச் சாமானாகிவிட்டது. ஓடிவந்து எல்லையைத் தொட்டு விழுந்து சாகிறான். அவனுக்குத் தோண்டிய குழி மூன்று அர்ஷின், சுமார் 7 அடி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது நீதியை முதலில் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பள்ளம் வரும் பத்தியை உரக்கப் படித்து நிறுத்துங்கள். 'நீங்களாக இருந்தால் அதை விட்டிருப்பீர்களா?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.