பாட்டுக்கு முன் வந்த முகம்

கடையில் ஓர் இசைத்தட்டைக் கையில் எடுக்கிறோம். முள் இன்னும் தட்டில் படவில்லை. ஒரு ஸ்வரம்கூடக் காதில் விழவில்லை. ஆனாலும் பாடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று மனம் அதற்குள் ஒரு முடிவு கட்டிவிடுகிறது. குறும்புக்காரரா, சோகப் பேர்வழியா, பெரிய மேதையா, அண்டை வீட்டுப் பிள்ளை மாதிரியா என்பதையெல்லாம் அட்டை உறை சொல்லிவிடுகிறது. 12 அங்குலச் சதுரம். அதற்குள் இத்தனை சாமர்த்தியம்!

ஆதியில் இந்த உறைக்கு வாயே கிடையாது. பழுப்புக் காகிதத்தில் தட்டைச் செருகிக் கொடுப்பார்கள். பல தட்டுகள் சேர்ந்தால் போட்டோ ஆல்பம் போலக் கனத்த அட்டையில் கட்டி, முதுகில் பெயரைப் பொறித்து அலமாரியில் நிறுத்துவார்கள். "ஆல்பம்" என்ற பெயர் இசைத்தட்டுக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் 1939-ல் வேலைக்குச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் சித்திரக்காரருக்கு இவை கல்லறைக் கற்களாகத் தோன்றின. நியூயார்க்கில் ஒரு நாடகக் கொட்டகைக்காரர்களைப் பிடித்து, வாசலில் இருந்த மின்விளக்கு எழுத்துக்களை மாற்றச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்து ஓர் ஆல்பத்துக்கு மேலட்டையாகப் போட்டார். படம் போட்ட தட்டுகள் விற்றுத் தீர்ந்தன. அதன் பிறகு படம் இல்லாத தட்டை யார் வாங்குவார்கள்?

படம் சரக்கை விற்கும் என்பதை ஸ்டைன்வைஸ் காட்டினார். ஆனால் அதே படம் ஒரு கலைஞனுக்கு முகத்தை உண்டாக்கும், அந்த முகம் வேண்டாமென்றால் அதைப் புதைக்கவும் செய்யும் என்பதை உலகம் கண்டது 1963-க்கும் 1969-க்கும் இடையில். காட்டியவர்கள் பிரிட்டனில் லிவர்பூல் துறைமுகப்பட்டணத்து வாலிபர்கள் நாலு பேர்: ஜான் லென்னன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். "பீட்டில்ஸ்" என்ற பெயரில் பாடிய கோஷ்டி.

பூச்சிக் கூடம் கிடைக்கவில்லை!

முதல் ஆல்பம் "ப்ளீஸ் ப்ளீஸ் மீ". பீட்டில் என்று உச்சரித்தால் இங்கிலீஷில் வண்டு என்றும் பொருள்படும். ஆகவே லண்டன் மிருகக்காட்சிசாலையின் பூச்சிக் கூடத்துக்கு வெளியே நாலு பேரையும் நிறுத்திப் படம் எடுத்தால் தமாஷாக இருக்குமே என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நினைத்தார். மிருகக்காட்சிசாலைக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். நல்ல வேளை! சம்மதித்திருந்தால், இந்த நால்வரும் கொஞ்ச நாள் சிரிக்க வைத்துவிட்டுப் போகும் விகடக் கோஷ்டி என்ற பெயரே நிலைத்திருக்கலாம்.

அவசரத்துக்கு ஆங்கஸ் மக்பீன் என்ற நாடக மேடைப் போட்டோக்காரரைக் கூப்பிட்டார்கள். 1963-ல் லண்டன் மான்செஸ்டர் சதுக்கத்தில் இருந்த இ.எம்.ஐ. கம்பெனியின் தலைமை அலுவலகத்திலேயே வேலை முடிந்தது. நால்வரும் மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்கள். மக்பீன் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு காமிராவை மேலே திருப்பினார். ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி சிரிப்பு. பள்ளி விட்டு ஓடி வருகிற பிள்ளைகளின் குஷி.

அந்தச் சமயத்தில் மக்பீன் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டாராம். "இந்தக் கோஷ்டி எத்தனை நாள் நீடிக்கும்?" ஆறு வருஷம் போகும், வழுக்கைத் தலையோடு ஒரு பீட்டிலை யாராவது கண்டதுண்டா என்று லென்னன் பதில் சொன்னதாக மக்பீன் பிற்பாடு நினைவுகூர்ந்தார்.

சிரிக்காத முகங்கள்

அடுத்த உறை அதே வருஷத்தில் வந்தது. கம்பெனிக்காரர்கள் எதிர்பார்த்தது மறுபடியும் சிரிப்பு. வந்ததோ வேறு.

1963 ஆகஸ்டில் போர்ன்மத் என்ற கடற்கரை ஊரில் பீட்டில்ஸ் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். தங்கியிருந்த ஓட்டலில் ராபர்ட் பிரீமன் என்ற இளைஞர் படம் எடுக்க வந்தார். ஜாஸ் கலைஞர்களை எடுத்துப் பழகியவர். ஓட்டலின் கறுத்த திரைச்சீலை பின்னால். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து பகல் வெளிச்சம். அவ்வளவுதான் சாமான். கழுத்துவரை மூடிய கறுப்புச் சட்டையில் நால்வரையும் நிறுத்தினார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. உடம்பு கண்ணுக்கே தெரியவில்லை. நாலு முகங்கள் இருட்டில் மிதப்பது போல் இருக்கும். சதுரத்தில் இடம் பற்றாததால், கடைசியாகக் கோஷ்டியில் சேர்ந்த ரிங்கோ கீழே தனியாக வந்துவிட்டார்.

ஒருவராவது சிரிக்க வேண்டுமே! இல்லை.

கம்பெனியில் சிலர் முகம் சுளித்தார்கள். வாலிபப் பிள்ளைகளுக்கு விற்கிற தட்டில் உம்மென்று நிற்பதா? அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அது வியாபாரிகளின் நியாயம். ஆனால் நால்வரும் அந்தப் படத்தை விடவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளில் வாசித்த காலத்திலேயே, ஆஸ்ட்ரிட் கிர்ஹெர் என்ற பெண்மணி இப்படிப் பாதி நிழலில் அவர்களைப் படம் பிடித்திருந்தார். தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"வித் தி பீட்டில்ஸ்" 1963 நவம்பர் 22-ல் வெளிவந்தது. அதே படம் நீல நிறம் ஏற்றப்பட்டு 1964 ஜனவரியில் அமெரிக்காவில் வேறொரு தலைப்பில் வந்தது. பிப்ரவரி 9-ந் தேதி எட் சல்லிவனின் டெலிவிஷன் நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றியபோது 7 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்பது பிரசித்தம். அதற்கு முன்பே கடைகளில் அந்த நாலு முகங்களும் பழகிப்போயிருந்தன என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

சினிமாக் கொட்டகை வாசலில் கூச்சலிட்ட சிறுமிகளுக்கு மட்டும் அல்ல, ஓவியக் கல்லூரி மாணவனுக்கும் இவர்கள் உரியவர்கள் என்று அந்த உறை சொல்லிற்று. பாட்டுகள் இன்னும் அந்த உயரத்துக்கு வரவில்லை. முகம் முந்திக்கொண்டது, பாட்டு பின்னால் வந்து சேர்ந்தது.

அட்டை சாய்ந்ததால் வந்த அதிர்ஷ்டம்

1965-ல் "ரப்பர் சோல்". இதற்கும் பிரீமன்தான் போட்டோக்காரர். எடுத்த படங்களைக் காட்ட, இசைத்தட்டு அளவில் ஓர் அட்டையை நிறுத்தி அதன்மேல் ஸ்லைடு வெளிச்சத்தைப் பாய்ச்சினார். அட்டை கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. முகங்கள் மேலும் கீழுமாக இழுபட்டன. "இப்படியே போடுங்கள்!" என்று நால்வரும் குதித்தார்கள். ஜார்ஜ் ஹாரிசன் நம் நாட்டு சிதாரை மீட்டியதும் இந்த ஆல்பத்தில்தான். இசையும் வளைந்தது, முகமும் வளைந்தது. உறையில் கோஷ்டியின் பெயர் அச்சாகவில்லை. பெயர் எதற்கு?

மறுவருஷம் "ரிவால்வர்". ஹாம்பர்க் காலத்து நண்பர் கிளவுஸ் வோர்மன் கறுப்பு மையால் நாலு தலைகளை வரைந்து, கூந்தலுக்குள் சின்னச் சின்னப் போட்டோக்களை ஒட்டினார். கூலி 50 பவுன். பிற்பாடு கிராமி பரிசு.

எல்லாம் ஜயமாகவே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதே 1966-ல் அமெரிக்காவில் வெளியிட அச்சிட்ட ஓர் ஆல்பத்தின் உறையில் நால்வரும் கசாப்புக் கடைக்காரர் போல வெள்ளை அங்கி அணிந்து, இறைச்சித் துண்டுகளும் உடைந்த பொம்மைகளும் மடியில் கிடக்க உட்கார்ந்திருந்தார்கள். எடுத்தவர் ராபர்ட் விட்டேக்கர். பார்த்த கடைக்காரர்கள் பதறினார்கள். சுமார் 7½ லட்சம் பிரதிகளைக் கம்பெனி திரும்பப் பெற வேண்டி வந்தது. பலவற்றின் மேல் சாதுவான வேறொரு படத்தை ஒட்டி மறுபடி கடைக்கு அனுப்பினார்கள். விஷயம் தெரிந்த ரஸிகர்கள் ஒட்டியதை ஆவி காட்டி உரித்தார்கள்! அந்தப் பிரதிகளைச் சேகரிப்போர் பிற்பாடு பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். நல்ல பிள்ளைகள் என்ற முகமூடி நால்வருக்கும் எவ்வளவு புழுங்கிற்று என்பது அந்த விகாரமான படத்தில் தெரிகிறது.

பழைய முகத்துக்குப் பூ வைத்தார்கள்

1966 ஆகஸ்ட் 29-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு பீட்டில்ஸ் சுற்றுப்பயணங்களுக்கு முழுக்குப் போட்டார்கள். ரஸிகனுக்கும் அவர்களுக்கும் நடுவே பெரும்பாலும் மிச்சமிருந்தது தட்டும் உறையும்தான். இனி மேடையில் செய்ததை அட்டையில் செய்ய வேண்டும்.

நாம் நாமாக இல்லாமல் வேறொரு பாண்டு கோஷ்டியாக வேஷம் கட்டினால் என்ன என்று பால் மக்கார்ட்னிக்கு ஒரு யோசனை பிறந்தது. "சார்ஜெண்ட் பெப்பர்" ஆல்பம் அப்படி வந்தது. ஓவியர் பீட்டர் பிளேக்கும் அவர் மனைவி ஜேன் ஹாவர்த்தும் உறையை ஏற்றார்கள். அந்தக் கற்பனைக் கோஷ்டி பூங்காவில் கச்சேரி முடித்து நிற்கிறது, சுற்றிலும் ரஸிகர் கூட்டம் என்பது பிளேக்கின் எண்ணம். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்; செத்தவர்களும் இருக்கலாம். ஆளுக்கொரு பட்டியல் கேட்டார். நடிகர்கள், எழுத்தாளர்கள், விஞ்ஞானிகள் என்று ஆளுயரப் படங்கள் வெட்டி நிறுத்தப்பட்டு, வர்ணம் தீட்டப்பட்டன.

ஹாரிசன் கேட்டவர்கள் நம்மவர்கள்: பரமஹம்ஸ யோகானந்தரும் அவருடைய குரு பரம்பரையினரும். முன்வரிசையில் சின்ன லக்ஷ்மி விக்கிரகம் ஒன்றும் இருக்கிறது. பூக்களுக்கு நடுவே தேடிப் பார்க்க வேண்டும்.

காந்திஜியும் இருந்தார். படம் எடுத்தபோது இருந்தார், உறையில் இல்லை. இந்தியாவில் மனம் புண்படும், வியாபாரம் கெடும் என்று இ.எம்.ஐ. தலைவர் ஸர் ஜோசப் லாக்வுட் பிடிவாதம் பிடித்தார். மகாத்மா நின்ற இடத்தைப் பனை ஓலை மறைத்துக்கொண்டது. நால்வருக்கும் எல்லாச் சுதந்திரமும் இருந்தது போலத் தோன்றினாலும், கடைசி வார்த்தை கம்பெனிக்கு எங்கே இருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

உயிரோடிருந்தவர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் போயிற்று. ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட், தனித்துத் தவிப்போர் சங்கத்தில் எனக்கு என்ன வேலை என்று முதலில் மறுத்தார். பிறகு நால்வரும் எழுதிக் கெஞ்சியதும் இரங்கினார். வேறொரு நடிகர் 400 டாலர் கேட்டார். அவர் முகம் போயிற்று!

1967 மார்ச் 30-ல் லண்டன் செல்ஸியில் மைக்கேல் கூப்பர் படத்தை எடுத்தார். பிளேக்குக்குக் கிடைத்தது 200 பவுன். உறைக்கு ஆன மொத்தச் செலவோ 3,000 பவுனை நெருங்கியது. அந்த நாளில் ஓர் உறைக்குக் கேள்விப்படாத தொகை.

ஆனால் அந்த அமளிக்குள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பளபளக்கும் பட்டுச் சீருடையும் மீசையுமாக நால்வர் நடுவில் நிற்கிறார்கள். பக்கத்திலேயே கறுப்பு சூட்டும் கிண்ணம் கவிழ்த்த கிராப்புமாக இன்னொரு நால்வர். மேடம் டுஸாட் காட்சிசாலையிலிருந்து இரவல் வாங்கி வந்த பீட்டில்ஸின் மெழுகுப் பொம்மைகள்! 1964-ன் முகம். தலை குனிந்து எதிரே இருக்கும் பூப்பாத்தியைப் பார்க்கிறது. பிளேக் அது பூங்காப் பாத்தி என்றுதான் வைத்தார். பார்த்த ஜனங்களுக்குப் புது மண் போட்ட சமாதியாகத் தெரிந்தது. இந்த விஷயத்தில் ஜனங்கள் சொன்னதே சரியென்று படுகிறது. உலகமே கொண்டாடிய முகத்தை அதற்குச் சொந்தக்காரர்களே பக்கத்தில் நின்று வழியனுப்பி வைத்தார்கள்.

பின்னட்டையில் பாட்டு வரிகள் முழுவதும் அச்சாயின. கூச்சலில் காதில் விழாத வார்த்தைகளைப் படிக்க வேண்டியவை ஆக்கிற்று அந்த உறை.

வெறும் வெள்ளை

இத்தனை கூட்டத்துக்குப் பிறகு என்ன செய்வது? 1968-ல் ஓவியர் ரிச்சர்டு ஹாமில்டன் ஒன்றுமே வேண்டாம் என்றார். வெள்ளை அட்டை, மையில்லாமல் மேடாகப் பொறித்த பெயர், லாட்டரிச் சீட்டு போல ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரிசை எண். ரிங்கோ வைத்திருந்த முதல் எண் பிரதி 2015-ல் 7,90,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

1969-ல் கடைசியாகப் பதிவான ஆல்பத்துக்கு "எவரெஸ்ட்" என்று பெயர் வைத்து, இமயமலைக்கே போய்ப் படம் எடுக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. யாருக்கும் அவ்வளவு தூரம் போக மனமில்லை. ஸ்டுடியோ வாசலுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 8, காலை. போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை நிறுத்த, இயன் மக்மில்லன் நடுத்தெருவில் ஏணிமேல் ஏறி 6 படங்கள் எடுத்தார். ஐந்தாவது படம் "அபே ரோடு" உறையாயிற்று. பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. வரிக்குதிரைக் கோடு போட்ட பாதையை நாலு பேர் கடக்கிறார்கள்.

மக்கார்ட்னி காலில் செருப்பில்லை. போதாதா! அவர் செத்துப்போனார், இது சவ ஊர்வலம், வெள்ளை உடையில் லென்னன் பாதிரியார் என்று அமெரிக்காவில் வதந்தி பரவியது. உறையில் வைக்காததையும் ஜனங்கள் படிக்கப் பழகிவிட்டார்கள். அந்த நவம்பரில் "லைப்" பத்திரிகை மக்கார்ட்னியைக் குடும்பத்தோடு அட்டையில் போட வேண்டி வந்தது. 2010-ல் பிரிட்டிஷ் அரசு அந்தப் பாதையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

1970-ல் வந்த "லெட் இட் பி" உறையில் நால்வரும் ஒரே படத்தில் இல்லை. கறுப்பு அட்டையில் தனித்தனியே நாலு சதுரம். அந்த ஏப்ரலில் கோஷ்டி கலைந்த செய்தி வெளிவந்திருந்தது.

அந்த ஆல்பத்துக்கு முதலில் எடுத்த படம் வேறு. 1969 மே மாதம் மக்பீனை மறுபடி வரவழைத்து, அதே இ.எம்.ஐ. மாடிப்படியில், அதே கைப்பிடியில் சாய்ந்து நின்றார்கள். திட்டம் மாறியதால் படம் பெட்டிக்குள் போயிற்று. 1973-ல் பழைய பாட்டுகளைத் திரட்டி இரண்டு தொகுப்புகள் போட்டபோது, 1963-ல் அந்தப் படிக்கட்டில் எடுத்த படம் சிவப்பு உறைக்கும், 1969-ல் எடுத்த படம் நீல உறைக்கும் வந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவதில் காதளவு கிராப்பு. இரண்டாவதில் தாடியும் தோள்வரை கூந்தலும். லென்னன் சொன்ன ஆறு வருஷம் சரியாக முடிந்திருந்தது. ஒருவருக்கும் வழுக்கை விழவில்லை.