கருநிறச் சுவரை வெளிர் நிறமாக்கும் முன்

பெருநாளுக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது நம் குடும்பங்களில் வழக்கம். கரும்பச்சை, கருநீலச் சுவர்களை வெள்ளை, சந்தன நிறத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, செலவு. வெளிர் நிற எமல்ஷனை நேரடியாக அடித்தால் பழைய நிறம் அடியிலிருந்து தெரியும். மூன்று, நான்கு கோட் அடித்தும் திட்டுத்திட்டாக நிற்கும். பணம்தான் வீண்விரயம். சுவரைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பட்டி பார்த்து, காய்ந்தபின் வெள்ளை பிரைமர் அடியுங்கள். நல்ல எமல்ஷனைவிட பிரைமர் விலை குறைவு. பழைய நிறத்தை அதுவே பெருமளவு மறைத்துவிடும். அதன்மேல் எமல்ஷன் இரண்டு கோட் பெரும்பாலும் போதும். ஓதம் இருந்தால் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் எந்தப் பெயிண்டும் உரிந்துவிடும்.

இரண்டாவது, பிள்ளைகளின் ஆரோக்கியம். பளபளப்பான பழைய எனாமலைத் தேய்த்து மினுமினுப்பைப் போக்கினால்தான் புதிய பூச்சு பிடிக்கும். ஆனால், வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் அதிகம் இருக்கலாம். அந்தத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் வயிற்றிலுள்ள சிசுவையும் பாதிக்கும்.

எனவே பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லி, வாட்டர் பேப்பர் கொண்டு நனைத்தே தேய்க்கச் செய்யுங்கள். வேலை முடிந்து, ஈரத்துணியால் தரையைத் துடைக்கும்வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.