உஷார்! டர்போ காருக்குக் கண்ட பெட்ரோல், கண்ட ஆயில் வேண்டாம்

டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறீர்களா? முதலில் போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள ஆக்டேன் அளவு ரான் 91-ஆ, 95-ஆ? முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்ததே கிடையாது. வயிற்றைக் கலக்குகிறது!

தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு நடந்ததைக் கேளுங்கள். சில வருஷம் முந்தி, செகண்ட் ஹேண்டில் ஒரு வெளிநாட்டு டர்போ கார் வாங்கினான். கையேடு இல்லை. அமெரிக்க மாடலின் கையேட்டைத் தேடிப் படித்தான். '91 ஆக்டேன்' என்றிருந்தது. அப்போது நம் பங்க்கில் சாதா பெட்ரோலும் 91 தான். நிம்மதியாக அதையே போட்டான்.

அந்த 91 வேறு. இந்த 91 வேறு!

அமெரிக்க பங்க்குகளில் எழுதுவது ரான், மான் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. இங்கே ரான் மட்டும்தான் கணக்கு. அங்கே 91 என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 95, 96. பையனுக்கு இது தெரியாது.

ஆயில் விஷயத்திலும் அதே கதை. "0டபிள்யூ-20 தண்ணி மாதிரி இருக்கு தம்பி, நம்ம வெயிலுக்குத் தாங்காது" என்று ஷெட்டில் சொன்னார்கள். டிரம்மில் இருந்த பழைய தர 20டபிள்யூ-50-ஐ ஊற்றினார்கள். இவனும் தலையாட்டினான்.

குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினான். ஏற்றத்தில் கியரைக் குறைக்கவில்லை. ஆர்பிஎம் 1,500-ல் இருக்க, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தான். தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல் ஒரு சத்தம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். அடுத்த வளைவில் ஒரே அடி, டமார்! கார் உதறியது, பின்னால் நீலப் புகை. இன்ஜினைப் பிரித்தபோது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு பிய்ந்து கிடந்தது. செலவைக் கேட்டு அவன் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏன் இப்படி? டர்போ காற்றைத் திணிக்கிறது. உள்ளே அழுத்தமும் சூடும் எகிறுகின்றன. ஆக்டேன் குறைந்த பெட்ரோல் அதைத் தாங்காமல் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். சென்சார் அதைக் கேட்டு ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டு ஓரளவு காப்பாற்றும். பிக்-அப்பும் மைலேஜும் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம், கடும் பாரம். அப்போது ஆயில் துளியே ஸ்பார்க்குக்கு முன்னால் பற்றவைத்துவிடும். சென்சார் கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிஸ்டன் உடைய ஒரே அடி போதும்! கால்சியம் அதிகமுள்ள பழைய தர ஆயில்களில் இந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் ஏபிஐ எஸ்பி என்ற தரங்களே வந்தன. விலை உயர்ந்த 100 ஆக்டேன் போட்டுவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள்.

கெட்டியான ஆயில் நல்லது என்ற நம்பிக்கையை விடுங்கள். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அங்கே ஓடிப் போயாக வேண்டும். 'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற எழுத்து மட்டும் போதாது. கையேட்டில் ஃபோக்ஸ்வாகன் 508 00, மெர்சிடிஸ் 229.5 என்று எந்த எண் இருக்கிறதோ, அதே எண் டப்பாவிலும் இருக்க வேண்டும். டப்பா சீல் உங்கள் கண் முன்னால் உடையட்டும். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். அதில் போலி ஆயில் நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அசட்டையாக இருக்காதீர்கள்:

ஏற்றத்தில் கலகலவென்ற சத்தம்.
காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் கரகரப்பு.
டிப்ஸ்டிக்கில் ஆயில் வேகமாக இறங்குவது.
ஆயில் ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடிப்பது. இது இன்னும் மோசம். பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வரும் இ20 பெட்ரோலில் எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், உண்மைதான். ஆனால் பழைய காரின் ரப்பர் குழாய்கள் அதைத் தாங்குமா என்று கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 91 போதும் என்று எழுதிய காருக்கு எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் போடுவதும் வீண் செலவு.

தவறான ஆயில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா? மலைப்பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஃபில்டரோடு சேர்த்து இந்த வாரமே மாற்றுங்கள். டேங்கில் குறைந்த ஆக்டேன் இருந்தால் மெதுவாக மிதியுங்கள், ஏற்றத்தில் கியரைக் குறையுங்கள், அடுத்த பங்க்கில் 95 போடுங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.