ஆரணிக் கரையும் ஆறு எனும் எண்ணும்



ஆரணியிலே ஒரு குழித்தறி. தறியிலே பட்டுப் பாவு. பள்ளத்திலே இரண்டு கால்கள். கால் மிதித்தால் பாவு பிரிகிறது. கை இழுத்தால் நாடா பறக்கிறது. ஓர் ஊடை விழுகிறது. ஆயிரம் ஆயிரமாய் ஊடை விழுந்தால் ஒரு சேலை. அந்தச் சேலை யார் வீட்டு மணமேடைக்கோ போகும். நெய்தவன் வீட்டு மணமேடைக்குப் போகுமா என்பது வேறு கதை. அதை நான் மேடை மேடையாய்ப் பேசியாயிற்று. நீங்களும் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருப்பீர்கள். இன்று கூலி பற்றிப் பேச வரவில்லை. கணக்கு பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள்! எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. அந்தப் பள்ளியிலே கணக்கில் தவறிய என் நண்பனைப் பார்த்து ஓர் ஆசிரியர் கேட்டார், "தறிக்குப் போகிறவனுக்கு இது எதற்கடா?" என்று. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். நண்பன் தறிக்குத்தான் போனான். போன இடத்திலே என்ன இருந்தது? கணக்கு இருந்தது! அதுவும் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர்கள் ஆயுளெல்லாம் ஆராயும் கணக்கு.

சேலையின் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கோடு, ஒவ்வொன்றும் சிவப்பாகலாம், பச்சையாகலாம். எத்தனை விதமான கரை போடலாம்? இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. பதினாறு என்பான் பள்ளிப் பிள்ளை. நெசவாளி ஒப்புவானா? ஒப்பமாட்டான். "சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு" என்று இடப்புறத்திலே போட்டால், வலப்புறக் கரையிலே அது தலைகீழாய் வரும்: "சிவப்பு, பச்சை, சிவப்பு, சிவப்பு". இரண்டும் ஒரே கரைதானே! அப்படித் திருப்பினாலும் மாறாதவை நான்கு. மீதிப் பன்னிரண்டும் இணை இணையாய்ச் சேர்ந்து ஆறு. ஆக, பத்து. பதினாறு அல்ல, பத்து!

இந்தச் சின்னக் கணக்கிலே இருப்பதுதான் பெரிய கணக்கின் வித்து. ஒரு பொருளை என்னென்ன செய்தால் அது மாறாதிருக்கும்? திருப்புவது ஒரு செயல். சும்மா விடுவதும் ஒரு செயல். இரண்டுமுறை திருப்பினால் சும்மா விட்டதற்குச் சமம். இப்படி ஒன்றோடு ஒன்று சேர்ந்தாலும் தம் கூட்டத்தைவிட்டு வெளியே போகாத செயல்களின் கூட்டத்துக்குத் தமிழ்ப் பாடநூல் வைத்த பெயர் என்ன தெரியுமா? குலம்! குலம் என்றதும் புருவம் உயர்கிறதா? எனக்கும் உயர்ந்தது. ஆனால் இந்தக் குலத்திலே பிறப்பைக் கேட்பதில்லை, செயலைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் அது செய்ததை அவிழ்க்கும் எதிர் உறுப்பு உண்டு. ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் உறுப்பு ஒன்றும் உண்டு. அதற்குச் சமனி என்று பெயர். நம் கிளைக்கழகத்திலே அப்படி யார் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்தக் கொள்கைக்கு வித்திட்டவன் பிரெஞ்சு இளைஞன் எவாரிஸ்த் கால்வா. முடியாட்சியை எதிர்த்த குடியரசுக்காரன். உயர்கல்விக் கூடத்தின் நுழைவுத் தேர்விலே இருமுறை தோற்றவன்! சிறை சென்றவன். 1832இலே, இருபதே வயதில், துப்பாக்கிச் சண்டையிலே மாண்டான். அவன் எழுதிவைத்த தாள்கள் அச்சேற 1846 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேர்விலே தோற்றவனெல்லாம் கால்வா என்று நான் சொல்லவில்லை. தோற்றவனைப் பார்த்துச் சிரித்த வகுப்பிலே நானும் இருந்தேன் என்பதால் சொல்கிறேன்.

மீண்டும் கரைக்கு வருவோம். மாங்காய் போடுங்கள், மயில் போடுங்கள், ருத்ராட்சம் போடுங்கள். ஒரே உருவம் வரிசையாய் நீளும் கரை, எப்படியெப்படிச் சமச்சீராய் அமையலாம்? வெறுமனே தொடரலாம், கண்ணாடியிலே பார்த்தாற்போல் எதிரெதிராய் நிற்கலாம், தலைகீழாய்ச் சுழலலாம், நடப்பவன் காலடிபோல் மாறி மாறி விழலாம். எல்லாம் சேர்த்து ஏழே ஏழு வகை. எட்டாவது வகை உலகத்திலே எவனாலும் நெய்ய முடியாது. உடல் முழுவதும் புட்டா பரவினால் பதினேழு வகை. 1891இலே பெதரோவ் என்ற ரஷ்யர் நிறுவினார். காஞ்சியானாலும் காசியானாலும் அந்தப் பதினேழுக்குள்தான்.

இந்தச் சமச்சீர் அழகுக்கு மட்டும் அல்ல, சிக்கனத்துக்கும்தான். ஜக்கார்டுப் பெட்டியைப் பாருங்கள். உருவத்தின் வலப்பாதி இடப்பாதியின் கண்ணாடி நிழல் என்றால், இடப்பாதியைத் தூக்கும் கொக்கியிலேயே வலப்பாதிக் கயிற்றையும் திருப்பிக் கட்டிவிடலாம். பாதிக் கொக்கி மிச்சம். மேல்பாதி கீழ்ப்பாதியின் நிழல் என்றால், அட்டைச் சங்கிலியைப் பின்னோக்கி ஓட்டினால் போதும். பாதி அட்டை மிச்சம். அந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த ஜக்கார்டு, லியோன் நகரத்து நெசவாளி மகன்.

சாட்டின் நெசவுக்கு வாருங்கள். ஐந்து இழை. முதல் ஊடை முதல் இழையிலே கட்டுகிறது. அடுத்தது இரண்டு தாண்டி மூன்றிலே. பிறகு ஐந்து, இரண்டு, நான்கு. ஐந்து இழைக்கும் முறை வந்துவிட்டது! இப்போது ஆறு இழை எடுங்கள். இரண்டிரண்டாய்த் தாண்டினால் ஒன்று, மூன்று, ஐந்து, மறுபடியும் ஒன்று. இரண்டும் நான்கும் ஆறும் அநாதைகள். மும்மூன்றாய்த் தாண்டினால் ஒன்று, நான்கு, மீண்டும் ஒன்று. நான்கு தாண்டினாலும் அதே வம்பு. ஒன்றோ ஐந்தோ தாண்டினால் எல்லா இழையும் வரும். ஆனால் கட்டுகள் அடுத்தடுத்து விழுந்து சாய்வுக் கோடு ஆகிவிடும். அது ட்வில், சாட்டின் அல்ல. ஏழிலே வரும், எட்டிலே வரும், பத்திலே வரும், பன்னிரண்டிலும் வரும். ஐந்துக்கு மேலே ஆறிலே மட்டும் ஒழுங்கான சாட்டின் வராது! 1867இலே எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர், சாட்டின் நெசவை எண்கணிதத்தால் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார்.

ஆறு என்ற இந்த எண் இன்னோர் இடத்திலும் அடம்பிடித்தது. ஆறு நிறம், ஆறு வகைப் புட்டா. கட்டம் போட்ட சேலையிலே ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு கட்டம். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு பத்தியிலும், எல்லா நிறமும் ஒருமுறை, எல்லாப் புட்டாவும் ஒருமுறை வரவேண்டும். ஒரே நிறத்திலே ஒரே புட்டா இரண்டாம் முறை எங்கும் வரக்கூடாது. மூன்றிலே முடியும், நான்கிலே முடியும், ஐந்திலே முடியும். ஆறிலே? கண்பார்வை போன முதுமையிலும் கணக்கை விடாத ஆய்லர், முடியாது என்று கருதினார். 1782இலே அச்சான கட்டுரையிலே அதற்கு மேலும் போனார்: பத்திலும் முடியாது, பதினான்கிலும் முடியாது, நான்கு நான்காய்க் கூட்டிக்கொண்டே போனாலும் முடியாது என்றார். ஆறைப் பொறுத்தவரை அவர் கருதியது சரி என்று 1900இலே தாரி என்ற பிரெஞ்சுக்காரர் நிறுவினார். மற்ற எண்கள்? ஆய்லர் சொன்னாரே, அப்பீல் ஏது என்று உலகம் இருந்தது.

அப்பீல் செய்தவர்கள் யார்? ராஜ் சந்திர போஸ், ஸ்ரீகண்டே என்ற இரு இந்தியர்கள், பார்க்கர் என்ற ஓர் அமெரிக்கர். போஸ் பெற்றோரை இளமையிலேயே இழந்தவர். பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தாம் படித்தவர். ஸ்ரீகண்டே அவருடைய மாணவர். இருபத்திரண்டுக்கு முதலில் கட்டினார்கள் போசும் ஸ்ரீகண்டேயும். பத்துக்குக் கட்டினார் பார்க்கர். பிறகு மூவரும் சேர்ந்து, இரண்டும் ஆறும் தவிர எல்லா எண்ணுக்கும் முடியும் என்று நிறுவிவிட்டார்கள். 1959 ஏப்ரல் 26ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டின் முதல் பக்கத்திலே செய்தி! 177 ஆண்டுக் கோட்டை தகர்ந்தது. ஸ்ரீகண்டே 102 வயது வரை வாழ்ந்து 2020இலே மறைந்தார். நம் ஏடுகளிலே எத்தனை பேர் எழுதினோம்?

இதனாலே வயலுக்கென்ன லாபம் என்று கேட்பீர்கள். வயலுக்கே லாபம்தான். எந்த விதை நல்லது, எந்த உரம் நல்லது என்று சோதிக்க, நிலத்தை இப்படித்தான் கட்டம் கட்டமாய்ப் பிரிக்கிறார்கள். ஒரு மூலையின் மண்வளம் ஒரே விதைக்குச் சாதகமாகிவிடக் கூடாதல்லவா?

இனி, ஒரு பொய்யை நானே மறுத்துவிடுகிறேன். "அமெரிக்கக்காரன் கண்டுபிடித்ததெல்லாம் அன்றே நம் நெசவாளிக்குத் தெரியும்" என்று மார்தட்டுவோர் உண்டு. கைதட்டல் வாங்கலாம், உண்மை அல்ல. ஆறிலே சாட்டின் வரவில்லை என்பது கைக்குத் தெரியும். எவர் முயன்றாலும், என்றைக்கும் வராது என்பதும், ஏன் வராது என்பதும் கணிதத்துக்குத்தான் தெரியும். முன்னது அனுபவம், பின்னது நிரூபணம். அந்த நிரூபணத்தைத்தான் "உனக்கு எதற்கடா" என்று தட்டிப் பறித்தார்கள்.

கைகட்டி நின்று கற்றுக்கொண்ட பேராசிரியர்களும் இருந்தார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலே கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும், நம் பெண்கள் வாசலிலே போடும் புள்ளிக் கோலத்தை ஆராய்ந்தார்கள். கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்று 1974இலே அனைத்துலக ஆய்விதழிலே எழுதினார்கள். அரிசி மாவிலே போட்டு அன்றே அழிவது, கணிப்பொறி ஆராய்ச்சியிலே ஏறி நின்றது.

இப்போது மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டை போய்விட்டது, திரையிலே வரைகிறார்கள். "பாதியை வரை, மீதியைத் திருப்பு" என்று ஒரு பொத்தான். அந்தப் பொத்தானுக்குள்ளே குலம் இருக்கிறது. அதை எழுதியவனுக்கு மாதச் சம்பளம். அதன்படி நெய்பவனுக்குச் சேலைக்கு இவ்வளவு என்ற கூலி.

சென்ற மாதம் அந்த நண்பனைப் பார்த்தேன். கமண்டல நாகநதிப் பக்கம் தேநீர்க் கடையிலே ஒரு தாளை எடுத்து, வட்டமாய் ஆறு புள்ளி வைத்துத் தாண்டிக் காட்டினேன். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான். ஏழு வைத்தான், எட்டு வைத்தான், பன்னிரண்டு வரைக்கும் போனான். தேநீர் ஆறிவிட்டது. "ஏண்டா, பன்னிரண்டுக்கு மேலேயும் ஆறைப்போல இன்னொரு எண் மாட்டுமா, மாட்டாதா? அதை எப்படிச் சொல்லுவே?" என்றான்.

மாட்டாது என்று தெரியும். ஏன் என்று விளக்க எனக்குத் தெரியவில்லை. கல்லூரியிலே கணிதம் படிக்கிறாள் அவன் மகள். ஞாயிற்றுக்கிழமை வருவாள், கேட்போம் என்று தாளை மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டான்.