நாடி பிடிப்பவர் யார்?

கூட்டம் முடிந்து, மேடையைப் பிரிக்கும் நேரத்தில், நம் தோழர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "மக்கள் மனம் எப்படி இருக்கிறது?" கைதட்டலைக் கேட்டு, தேநீர்க்கடைப் பேச்சைக் கேட்டு, நாமும் ஒரு கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள் அமெரிக்காவில் இருவர். ஒருவர் ஜொனாதன் ஹாரிஸ் என்ற கலைஞர். மற்றவர் செப் காம்வர் என்ற கணினி அறிஞர்.

2005-இல் தொடங்கி, 2006-இல் உலகின் பார்வைக்கு வைத்தார்கள். வாணிபமல்ல, சர்க்கார் ஆணையுமல்ல. ஆர்வம் ஒன்றே முதல்! அந்நாளில் இலட்சக்கணக்கானோர் வலைப்பூ என்ற பெயரில் இணையத்தில் நாட்குறிப்பு எழுதி வந்தனர். சில நிமிடங்களுக்கொருமுறை அவற்றைத் துழாவி, ஆங்கிலத்தில் "நான் உணர்கிறேன்" என்ற சொற்கள் வரும் வாக்கியங்களை அந்த இயந்திரம் பொறுக்கியெடுத்தது. எழுதியவரின் வயது, ஊர், அன்று அங்கே மழையா வெயிலா என்பதைக்கூடக் கிடைத்தவரை சேர்த்துக்கொண்டது. நாளொன்றுக்கு 15,000 முதல் 20,000 உணர்ச்சிகள்! ஒவ்வொன்றும் திரையில் ஒரு வண்ணப் புள்ளி. புள்ளியைத் தொட்டால், முகமறியா ஒருவரின் மகிழ்ச்சியோ துயரமோ கண்முன் விரியும்.

அழகான வேலைதான், பழிக்கமாட்டோம். ஆனால் ஒன்று கேட்போம். எழுதியவன் துயரம் கணக்கில் ஏறியது, எழுதாதவன் துயரம்? இரவு ஷிப்டு முடிந்து பாயில் சாய்ந்தவன், "நான் உணர்கிறேன்" என்று எழுதிக்கொண்டா இருப்பான்? அவனுக்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லையென்பதால் வலியும் இல்லையென்று ஆகிவிடுமா?

இது குறை, குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் நடந்தது.

2012 ஜனவரியில் ஒரு வாரம். ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பேரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. சிலருக்கு நண்பர்களின் மகிழ்ச்சிச் செய்திகளைக் குறைத்துக் காட்டியது. சிலருக்குச் சோகச் செய்திகளைக் குறைத்தது. பிறகு அவர்கள் எழுதிய சொற்களை எண்ணியது. மகிழ்ச்சியைக் குறைவாகக் கண்டவர்கள், தாமும் மகிழ்ச்சிச் சொற்களைக் குறைவாக எழுதினர். வேறுபாடு மிகமிகச் சிறிது என்பது உண்மையே. ஆயினும், நாடி பார்க்க வந்த வைத்தியர், நோயாளிக்குத் தெரியாமல் மருந்தையும் புகட்டிவிட்டாரே!

2014 ஜூனில் ஆய்வுரை அச்சேறிய பிறகே சேதி பரவியது. "சம்மதம் கேட்டீர்களா?" என்றனர் பலர். கணக்குத் தொடங்கும்போதே நிபந்தனைகளுக்கு இசைந்தார்களே, அதுவே சம்மதம் என்பது ஆய்வுரையின் வாதம். படித்துப் பார்க்க விடாமல் கைநாட்டு வாங்கப்படும் காகிதங்களை அறிந்தவர்களல்லவா நாம்! இந்த வாதம் நமக்குப் புதிதன்று. அதை அச்சிட்ட அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழே, அடுத்த மாதம் கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது. ஆய்வுரையை மட்டும் விலக்கிக்கொள்ளவில்லை.

அந்த வாரத்தில் மனம் சற்றே சோர்ந்தவர் அவர்களில் எவரேனும் இருந்திருந்தால், காரணத்தை வீட்டிலோ வேலையிலோதான் தேடியிருப்பார்.