நாலு கம்பிக்கு ஒரு சின்னப் பெட்டி

ஆர்கெஸ்ட்ராவில் ஆள் குறைக்க வேண்டி வந்தால் முதலில் கழற்றிவிடப்படுகிறவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர்தான். பாடகரைக் குறைக்க முடியாது. டிரம்ஸும் டோலக்கும் ரிதம் பேடுக்குள் அடங்கிவிட்டாலும் அதைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். பேஸை மட்டும் கீபோர்டுக்காரர் இடது கையால் பார்த்துக்கொள்வார் என்று சட்டென்று முடிவாகிவிடுகிறது. செட்டிகுளம் பங்குனி உத்திரம் தொடங்கி ஆடிக் கடைசி வெள்ளி வரை பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்த மேடைகளில் நாலு கம்பிக் கிட்டாரோடு நிற்கிற ஆள் அருகிக்கொண்டே வருகிறார்.

காரணம் கேட்டால் சம்பளம் என்பார்கள். அது பாதிதான். மறுபாதி சுமை. ரஞ்சன்குடிக்கோ வாலிகண்டபுரத்துக்கோ கச்சேரிக்குப் போகும் குழுவுக்குப் பெரும்பாலும் ஒரு வேன், மிஞ்சினால் குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி. மைக் செட்காரர் தனியாக வருவார். வாத்தியங்கள் ஏறியபின் மிச்சமிருக்கும் இடத்தில் பேஸ் ஆம்ப் ஏற வேண்டும். பழைய ராக் கச்சேரிப் படங்களில் கலைஞருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்குமே, 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி., அதன் வால்வு ஹெட் (ஒலியைப் பெருக்கும் பகுதி) மட்டும் ஏறக்குறைய 38 கிலோ. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அதன் பெட்டி 60 கிலோவைத் தாண்டும். இரண்டு மூட்டை சின்ன வெங்காயத்தின் கனம். அந்த ஒலி வேண்டும், ஆனால் அந்தப் பெட்டி இந்த வண்டியில் ஏறாது. அதனால்தான் கையில் தூக்கிப் போகக்கூடிய பழைய ஒலியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய பேஸ் ஒலி பெரிய பெட்டியில் பிறந்ததல்ல. லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது 1951-ல். அதற்குப் பொருத்தமான துணையாக 1960-ல் வந்தது ஆம்பெக் பி-15. ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், 25 வாட் அளவுக்கே சக்தி. கச்சேரி முடிந்ததும் ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். ஊர் ஊராகப் போய் வாசிப்பவர்களை மனதில் வைத்துச் செய்த பெட்டி அது. டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுவதும் இந்தப் பெட்டிதான். அவர் கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். அதில் அறுந்தால் ஒழிய மாற்றாத பழைய ஃபிளாட்வவுண்ட் (தட்டைச் சுற்று) கம்பிகள்.

நம் ஊர்க்காதுக்குப் பழைய பேஸ் என்றால் டெட்ராய்ட் நினைவுக்கு வராது, இளையராஜாதான் வருவார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்து, 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982), 'மௌன ராகம்' (1986) என்று போன பத்தாண்டில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே நடந்தது. பாடகர் ஒரு வழி போக, அது இன்னொரு வழி போய் அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்ளும். அந்தப் பாடல்கள் பலவற்றில் ஒலிப்பவை அவருடைய பேஸ் கிட்டார் கலைஞர் சசிதரனின் விரல்கள். அந்த இசையைப் பெரம்பலூர்க்காரர்கள் எதில் கேட்டார்கள்? டீக்கடை ரேடியோவிலும், உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டரிலும்.

ஆம்ப் தேர்வுக்கான சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கரால் அந்த 41-ஐத் தர முடியாது. ஆனாலும் நமக்கு அந்தச் சுரம் கேட்டது. கம்பி அதிரும்போது 41-ஓடு 82, 123, 164 என்று மேல் அதிர்வுகளும் சேர்ந்தே எழுகின்றன. அவை கிடைத்தால் போதும், அடியில் இல்லாத சுரத்தை மூளை தானே பூர்த்தி செய்துகொள்கிறது. பழைய வால்வு ஆம்ப் செய்ததும் இதற்கு இசைவான காரியம். அழுத்தி வாசித்தால் வால்வு கரகரவென்று உடையாமல் மெல்ல அமுங்கி, மேல் அதிர்வுகளைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். ட்வீட்டர் இல்லாத காகிதக் கோன் உச்சியில் இருக்கும் கீச்சொலியை வெட்டிவிடும். அடியில் அளவான கனம், நடுவில் சதைப்பற்று, மேலே கூர்மை இல்லை. நாம் பழைய ஒலி என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே சின்னப் பெட்டி வாங்கப் போகிறவர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்று கேட்டு ஏமாற வேண்டாம். சின்னப் பெட்டி, ஆழமான அடி, குறைந்த சக்தியில் நிறைந்த சத்தம் என்ற மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்காது. ஒலிப்பெட்டி செய்கிறவர்கள் ஹோஃப்மன் விதி என்று இதைச் சொல்வார்கள். மூன்றில் ஒன்றை விட்டாக வேண்டும். விட வேண்டியது அடியாழத்தை. 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை திடமாகப் பேசுகிற, ஒரு 12 அங்குல ஸ்பீக்கரோ இரண்டு 10 அங்குல ஸ்பீக்கரோ உள்ள பெட்டி போதும். ட்வீட்டர் இருந்தால் அதை அணைக்கும் வசதி இருக்கட்டும். நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர் என்றால் எடை கணிசமாகக் குறையும். ஹெட்டில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் ஃபில்டர் இருந்தால் இன்னும் நல்லது. காதுக்குப் பயன்படாத அதிர்வுக்காகக் கோன் வீணாகத் துடிக்காது.

வாட் கணக்கில் மயங்குகிறவர்கள் அதிகம். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். 97 டெசிபல் உணர்திறன் உள்ள பெட்டிக்கு 200 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 94 டெசிபல் பெட்டிக்கு 400 வாட் கொடுத்தால்தான் வரும். எனவே பெட்டியின் பின்பக்கச் சீட்டைப் படித்துவிட்டு ஹெட்டைப் பாருங்கள். 500 வாட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 4 ஓமுக்கான கணக்கு. ஒரே ஒரு 8 ஓம் பெட்டியை மாட்டினால் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோதான் கிடைக்கும். அது குறையல்ல. இன்று ஒரு 8 ஓம் பெட்டி வாங்கிவிட்டு, கையில் காசு சேர்ந்ததும் அதே போல் இன்னொன்று வாங்கிச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும். சின்ன மேடைக்கு ஒன்று, பெரிய மேடைக்கு இரண்டு.

முழு வால்வு ஹெட்டா, எடை குறைந்த கிளாஸ் டி டிரான்சிஸ்டர் ஹெட்டா என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்து மின்சாரமே பதில் சொல்லிவிடும். திருவிழா இரவில் தெரு முழுக்கச் சீரியல் செட் எரியும்போது வோல்டேஜ் கீழே இறங்கும். ஜெனரேட்டருக்கு மாற்றினால் குதிக்கும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள கிளாஸ் டி ஹெட்கள் பலவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் சப்ளை இருக்கிறது. வால்வு ஹெட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஸ்பீக்கர் வயரை மாட்ட மறந்து ஓடவிட்டால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம். வெளிநாட்டு உறவினர் மூலம் வாங்குகிறவர்கள் கவனிக்க: சிங்கப்பூரிலிருந்து வருவது 230 வோல்ட், அப்படியே ஓடும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால், நம் பிளக்கில் சொருகிய கணம் புகைந்துவிடும்.

முகப்பில் ஒரு வால்வு ஆரஞ்சு நிறத்தில் மினுங்குவதைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். குறைந்த வோல்டேஜில் பெயருக்கு எரிகிற வால்வும் உண்டு. காதால் தீர்மானியுங்கள்: மென்மையாக ஒரு சுரம், அதே சுரத்தை அழுத்தி ஒரு முறை. இரண்டாவது முறை சத்தத்தோடு நிறமும் மாறினால் வாங்கலாம்.

அதற்கு முன்னால் கம்பியை மாற்றிப் பாருங்கள் என்பேன். ஃபிளாட்வவுண்ட் கம்பி போட்டு, பிரிட்ஜுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி, டோன் குமிழியைப் பாதிக்கு இறக்கினால், கேட்ட ஒலியில் பெரும்பகுதி அங்கேயே வந்துவிடும். மிச்சத்தை விரல் தரும். ஆம்ப் கடைசியில்தான்.

பெட்டி வாங்கியபின் அதை வைக்கும் இடமும் முக்கியம். ரஞ்சன்குடிக் கோட்டைக்கு வெளியே விரிந்து கிடப்பது போன்ற திறந்தவெளியில் பேஸ் சிதறிப் போகும். தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லை. அதே பெட்டியைப் பெரம்பலூரில் டைல்ஸ் போட்ட கல்யாண மண்டபத்துக்குள் வைத்தால் ஓர் இடத்தில் உறுமும், நாலு அடி தள்ளினால் காணாமல் போகும். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். மண்டபத்தின் அளவோடு அது மோதிக்கொள்கிறது. பலகை மேடை என்றால் பெட்டியை நேரே பலகை மேல் வைக்காமல் தடித்த ரப்பர் மேலோ நாற்காலி மேலோ வைத்து, ஸ்பீக்கர் வாசிப்பவரின் காதைப் பார்க்கும்படி சாய்க்க வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டு, கேட்கவில்லை என்று குமிழியைத் திருகிக்கொண்டே போவதுதான் பாதி மேடைகளில் நடக்கிறது.

ஆம்பே தேவையில்லை, டி.ஐ. பாக்ஸ் வழியாக நேரே மிக்சருக்குக் கொடுத்தால் போதும் என்று சொல்லும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் உண்டு. ஜேமர்சனின் பதிவுகளே பெரும்பாலும் அப்படி நேரே போனவைதான். ஆனால் அது ஸ்டுடியோ.

மேடையில் மிக்சர் பேஸ்காரர் கையில் இல்லை. அவருக்கு மானிட்டரில் பாடகர் குரல் வரும், கீபோர்டு வரும், தன் வாத்தியம் மட்டும் வராது. எதிரே கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேஸ் பாக்ஸிலோ எல்லாமே ஒரே 'தொம்'. ரிதம் பேடின் உதையும் பேஸ் சுரமும் அதில் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. நெஞ்சு அதிர்கிறது, எந்தச் சுரம் என்று தெரிவதில்லை. என் கவலை எல்லாம் இதன் மேல்தான். சுரம் கேட்காத இடத்தில் அதை வாசிக்க ஆள் எதற்கு என்ற கேள்வி தானாக எழுகிறது. அடுத்த சீசனில் அந்த ஆள் இல்லை. கீபோர்டுக்காரரின் இடது கை கார்டின் மூலச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறது. சசிதரன் வாசித்த மெட்டு முழுக்க விடுபட்டுப் போகிறது. கேட்க வந்தவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஏதோ குறைகிறது என்று தெரியும். என்ன என்று சொல்லத் தெரியாமல் எழுந்து போவார்கள். இருபது வயதுக்காரருக்கு அங்கே ஒன்று இருந்ததே தெரியாது. தெரியாததைக் கற்றுக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். அரியலூரிலோ பெரம்பலூரிலோ கிட்டார் வகுப்பில் சேரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஆறு கம்பியைத்தான் கேட்பார்கள்.

இந்த வரிசையை எங்கே அறுக்கலாம் என்றால், வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய சொந்தப் பெட்டி ஒன்று நிற்கும் இடத்தில்தான். அதில் அவர் சுரம் அவருக்குக் கேட்கும், பக்கத்தில் ரிதம் பேட் தட்டுகிறவருக்கும் முன்வரிசைக்கும் கேட்கும். ஹெட்டின் பின்னால் உள்ள டி.ஐ. வழியாக மிக்சருக்கும் போகும். ஹெட் 3 கிலோ, பெட்டி 14 கிலோ, கிட்டார் 4 கிலோ என்று வைத்தால் 21 கிலோ. குட்டி யானை பின்னால் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், டவுன் பஸ்ஸிலேயே ஏறிவிடலாம். குழு நடத்துகிறவர்கள் இந்த ஆடிக்கு ஆள் பிடிக்கும்போது பேஸ்காரரை முழுக் கச்சேரிக்கும் கூப்பிட முடியாவிட்டால், எண்பதுகளின் பாடல்கள் வரும் ஒரு மணி நேரத்துக்காவது கூப்பிடட்டும். பெட்டியை அவரே கொண்டுவந்துவிடுவார்.