லைட் மங்குதா? பழைய புல்லட் வயரிங்கில் ஒளிந்திருக்கும் கோளாறைப் பிடிப்பது எப்படி?

பேட்டரி புதுசு, பல்பு புதுசு. ஆனாலும் பழைய 6 வோல்ட் புல்லட்டின் ஹெட்லைட் மங்கலாகவே எரியுதா? மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்தால் ‘பீப்’ கேட்கும். வயர் நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடாதீங்க. உள்ளே ஒரே ஒரு செப்பு இழை மிச்சமிருந்தாலும் அந்த ‘பீப்’ வரும்.

லைட்டை எரியவிட்டுத்தான் சோதிக்கணும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்க. ஒரு முனை பேட்டரியின் லைவ் டெர்மினலில். இன்னொன்று பல்புக்கு கரன்ட் வரும் இடத்தில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ இழப்பு இருக்கு. இரண்டாவது முனையை கனெக்டர், சுவிட்ச் என ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்துங்க. எண் சட்டென இறங்கும் இடத்துக்கும் அதற்கு முன்பு பார்த்த இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. பேட்டரியின் எர்த் டெர்மினலுக்கும் பல்பு ஹோல்டருக்கும் இடையிலும் இதையே செய்யுங்க. ஹேண்டில்பார் திரும்பும்போது வயர் மடங்கும் இடமும், துருப்பிடித்த எர்த் போல்ட்டும் முதல் சந்தேக நபர்கள்.

6 வோல்ட்டில் 1 வோல்ட் போனாலே பல்புக்குப் போகும் மின்திறன் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். 12 வோல்ட் வண்டியில் இது 16 சதவீதம்தான்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடாதீங்க. அப்புறம் ஃபியூஸுக்குப் பதிலா எரிவது, பெட்ரோல் டேங்க் அடியில் ஓடும் வயர்தான்.